கதைமாந்தர் மனதில் நிற்கிற ஆசிய ஃபேண்டஸி நாவல் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆசிய ஃபேண்டஸி என்று இங்கே சொல்வது, சீனா, ஜப்பான், இந்தியா, இலங்கை போன்ற நிலங்களின் வரலாற்றையோ தொன்மத்தையோ அடியுரமாகப் போட்டு எழுதிய மிகுபுனைவை. கீழே வருபவை எல்லாம் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவை.

பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள்.

ஃபோண்டா லீ எழுதிய "ஜேட் சிட்டி". 2017இல் வந்தது. அடுத்த ஆண்டு உலக ஃபேண்டஸி விருதை இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது.

களம், கெகான் என்ற கற்பனைத் தீவு. காலம் நம் கணக்கில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி மாதிரி: காரும் தொலைபேசியும் இருக்கின்றன, இடுப்பில் வாளும் இருக்கிறது. அந்தத் தீவில் கிடைக்கும் ஜேட் கல்லை, முறையாகப் பயின்றவர் அணிந்தால் அபார பலம் வரும். பயிலாதவர் அணிந்தால், அல்லது பயின்றவரே அளவுக்கு மீறி அணிந்தால், உடம்பெல்லாம் அரிப்பெடுத்துப் புத்தி பேதலித்துப்போகும். தலைநகர் ஜான்லூனில் இரண்டு குலங்கள் கோலோச்சுகின்றன. முந்தைய தலைமுறையில் அந்நிய ஆட்சியை எதிர்த்து ஒன்றாக நின்று போராடிய இருவரின் வாரிசுகள்தான் இன்று எதிரெதிரே நிற்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பங்காளிச் சண்டை.

ஆனால் இந்த நாவலை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் கல்லும் அல்ல, சண்டையும் அல்ல, கவுல் குடும்பம். மூத்தவர் லான், குலத்தலைவர். நியாயஸ்தர், பொறுமைசாலி. மாடியில் உட்கார்ந்துகொண்டு "உன் அப்பன் இருந்திருந்தால்" என்ற தோரணையிலேயே பேசும் தாத்தா அவருக்கு வாய்த்திருக்கிறார். இளையவன் ஹிலோ படைப்பிரிவைப் பார்த்துக்கொள்பவன். தன் ஆட்கள்மேல் உயிரை வைத்திருப்பான், அதே கையால் எலும்பையும் முறிப்பான். தங்கை ஷே, கல்லைக் கழற்றி வைத்துவிட்டு வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பியவள். குடும்பத் தொழில் வேண்டாம், சாதாரண வேலை போதும் என்கிறாள். தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஆண்டன், தன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பயந்துகொண்டே பயிற்சிப் பள்ளியில் படிக்கிறான். எதிர்க்குலத் தலைவி அய்ட் மாடாவும் வெறும் வில்லி இல்லை. அவள் சொல்வதில் பாதி சரி என்று வாசகருக்கே தோன்றும்.

இந்த ஐவரும் ஏன் மறப்பதில்லை என்றால், ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒன்று, குடும்பம் அவரிடம் கேட்பது வேறொன்று. ஒருவர் கல்லை அணிவதும் கழற்றுவதும் இந்தக் கதையில் நகை மாட்டுகிற விஷயம் இல்லை, ஒரு முடிவு. ஷேயின் கதை முழுக்க அந்த ஒரு செயலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

குறைகளும் உண்டு. முதல் நூறு பக்கம் நிதானமாகத்தான் நகரும். வணிகம், அரசியல் பேச்சு கொஞ்சம் கூடுதல். வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் இருப்பதால் பெரியவர்களுக்கு மட்டும்.

வாங்கிவிட்டேன். இரண்டு அத்தியாயத்தில் நின்றுவிட்டது. என்ன தப்பு?

பெரும்பாலும் மூன்று இடத்தில் தடுக்கும்.

முதலாவது, முதல் அத்தியாயம் ஒரு உணவகத்தில் கல் திருட முயலும் இரண்டு பொடியன்களோடு தொடங்குகிறது. அவர்கள்தான் நாயகர்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் வழி தவறும். அந்த உணவகத்திலேயே கணவாய் உருண்டை தின்றுகொண்டிருக்கும் ஹிலோவைக் கவனியுங்கள். (நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அந்தப் பக்கங்களில் பசி எடுத்தால் நாங்கள் பொறுப்பில்லை.)

இரண்டாவது பதவிப் பெயர்கள். குலத்தலைவரைத் 'தூண்' என்றும், படைக்குப் பொறுப்பானவரைக் 'கொம்பு' என்றும், வரவுசெலவும் ஆலோசனையும் பார்ப்பவரை 'வானிலைக்காரர்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் குறிப்பிடுவார்கள். கொம்புக்குக் கீழே 'முஷ்டிகள்', அவர்களுக்குக் கீழே 'விரல்கள்'. இந்த ஐந்தையும் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மூன்றாவது பெயர்கள். அதற்குத் தனியாகவே பதில் வேண்டும்.

சீன, ஜப்பானியப் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எப்படிச் சமாளிப்பது?

இந்த நாவல்களில் பலவற்றில் குடும்பப்பெயர் முன்னால் வரும், சொந்தப்பெயர் பின்னால் வரும். கவுல் ஹிலோ என்றால் கவுல் குடும்பம், ஆள் ஹிலோ. நமக்கு இது புதிதே இல்லை. நம் இனிஷியலும் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. "கே. ஹிலோ" என்று மனதுக்குள் படித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். மேலைநாட்டு வாசகர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள்.

அடுத்து ஒரு அரைத்தாள். கதை தொடங்கும்போதே எல்லோரையும் எழுத வேண்டாம். யார் மூன்றாவது முறை தலைகாட்டுகிறாரோ அவரை மட்டும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் "தளபதி", "அமைச்சர்" என்று பதவியைப் போடாதீர்கள். பதவி கதையில் மாறிக்கொண்டே இருக்கும். அவருக்கு என்ன வேண்டும் என்பதை மூன்று சொல்லில் போடுங்கள். "ஷே: விலகி இருக்க வேண்டும்." "லான்: தாத்தாவிடம் மதிப்பு." 500 பக்க நாவலுக்கு இப்படி எட்டுப் பத்துப் பேருக்கு மேல் தேறாது. பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது நல்லது. உச்சரிப்பு அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் வேறுவேறு விதமாக மனதுக்குள் உச்சரிப்பதுதான் பெயர் தங்காததற்கு முக்கியக் காரணம்.

மரியாதை விகுதியையும் பெயரின் பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். "ஜேட் சிட்டி"யில் 'ஜென்' என்று ஒட்டிவரும். நாம் பெயருக்குப் பின் 'ஐயா' சேர்ப்பது போல. யார் யாரை அப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் அதை விழுங்கிவிடுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு சுவை.

ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. சின்னதாக ஏதாவது?

ங்ஹி வோ எழுதிய "தி எம்ப்ரெஸ் ஆஃப் சால்ட் அண்ட் ஃபார்ச்சூன்". 2020இல் வந்த குறுநாவல், சுமார் 120 பக்கம். 2021இல் குறுநாவலுக்கான ஹ்யூகோ விருது பெற்றது.

வரலாற்றைச் சேகரிக்கும் துறவி ஒருவர், மூடிக்கிடந்த ஒரு மாளிகைக்கு வருகிறார். அங்கே இருக்கும் முதிய பணிப்பெண், ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, நாடுகடத்தப்பட்ட பேரரசியின் கதையைச் சொல்கிறாள். துறவியின் துணை, கேட்டதை மறக்காத ஒரு பேசும் பறவை. அது கொண்டலாத்தி இனம். வயல்வரப்பில் கொண்டையை விரித்துக்கொண்டு புழு கொத்துமே, அதேதான்.

வாக்கியங்கள் குட்டி. ஆனால் சொல்லாமல் விடுவது அதிகம் என்பதால் வேகமாகப் படித்தால் ஒன்றும் கையில் நிற்காது. ஒவ்வொரு பகுதியும் பொருட்களின் பட்டியலோடு தொடங்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அடுத்த பக்கங்களில் கதை அந்தப் பொருட்களிலிருந்துதான் கிளம்பும். ஒரு நாளைக்கு 15 பக்கம் வைத்தால் எட்டு நாள். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி எடுக்க வேண்டாம். ஒரே சொல் மூன்றாவது தடவை வந்து மறித்தால் மட்டும் பாருங்கள்.

பொன்னியின் செல்வன் மாதிரி வேண்டும். இருக்கிறதா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது அரண்மனைச் சூழ்ச்சி, மீதிப் பேருக்கு வந்தியத்தேவன். இரண்டுக்கும் பதில் வேறு.

சூழ்ச்சி வேண்டுமென்றால் கை கெவ்ரியல் கே எழுதிய "அண்டர் ஹெவன்", 2010. சீனத் தாங் அரசு காலத்தையும் கி.பி. 755இல் வெடித்த ஆன் லூஷான் கிளர்ச்சியையும் அடியொற்றிய கற்பனை நாடு. ஷென் தாய் என்பவன், பழைய போர்க்களத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தனியாளாக நின்று, இரு தரப்புப் பிணங்களையும் புதைத்துக்கொண்டிருக்கிறான். அவன் சேவையை மெச்சி எதிரிநாட்டு அரசி 250 உயர்சாதிக் குதிரைகளைப் பரிசளிக்கிறாள். அந்தப் பரிசே அவனுக்கு எமன். அத்தனை குதிரைகளை வைத்திருப்பவனை எந்த அரசவையும் சும்மா விடாது. பூம்புகார்த் துறையில் கடல்வழி குதிரை வந்திறங்கியதைச் சங்கப் பாட்டிலேயே படித்தவர்களுக்குக் குதிரையின் விலை புரியும். ஒரே பாகத்தில் முடிகிற நாவல் என்பது கூடுதல் வசதி. மாயம் மிகக் குறைவு. பேய், மந்திரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

வந்தியத்தேவன் வேண்டுமென்றால் கென் லியூவின் "தி கிரேஸ் ஆஃப் கிங்ஸ்", 2015. கி.மு. 206 முதல் 202 வரை சீனாவில் லியூ பாங்குக்கும் ஷியாங் யூவுக்கும் நடந்த போட்டியைத் தீவுக்கூட்டம் ஒன்றுக்கு மாற்றிய கதை. குனி காரு வாய்ச்சாமர்த்தியத்தால் பிழைக்கிற ஊர்சுற்றி. மாட்டா ஸிண்டு, கண்ணில் இரட்டைப் பாவை கொண்ட மாவீரன். நண்பர்கள் பகைவர்களாகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கதைசொல்லி பெரும்பாலும் மேலே நின்று முழு நாட்டையும் பார்க்கிறார், ஒரு ஆளின் நெஞ்சுக்குள் நெடுநேரம் தங்குவதில்லை. பெண்பாத்திரங்கள் பின்பாதியில்தான் பலம் பெறுகிறார்கள்.

பூங்குழலியும் நந்தினியும்தான் தேடுகிற ஆட்கள் என்றால் ஷெல்லி பார்க்கர்-சான் எழுதிய "ஷீ ஹூ பிகேம் தி சன்", 2021. மிங் அரசை 1368இல் நிறுவிய ஜூ யுவான்ஜாங்கின் வாழ்க்கையை ஒரு பெண்ணின் கதையாகத் திருப்பிப் போடுகிறது. பஞ்சத்தில் வாடும் கிராமம். மகனுக்கு மகத்தான எதிர்காலம் என்கிறான் சோதிடன், மகளுக்கு ஒன்றுமில்லை என்கிறான். அண்ணன் செத்ததும் அவன் பெயரையும் விதியையும் அவளே எடுத்துக்கொண்டு மடத்தில் துறவியாகச் சேர்கிறாள். அந்த ஆசையின் வெறி கடைசிவரை குறையாது. முதல் ஐம்பது பக்கத்துப் பஞ்ச விவரிப்பு, தண்ணீர் வராத ஆண்டு என்றால் என்ன என்று அறிந்தவர்களைக் கொஞ்சம் உலுக்கும். இரண்டாம் பாகம் 2023இல் வந்தது, அதோடு கதை முடிகிறது.

வாங்குவதற்கு முன்பே பாத்திரங்கள் மனதில் நிற்பார்களா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். இணையக் கடைகளில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும். முதல் 20 பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைத்து, மறுநாள் காலையில் நினைவுபடுத்திப் பாருங்கள். உலகத்தின் வரைபடமும் மந்திர விதிகளும் நினைவிருந்து ஆள் நினைவில்லை என்றால் விட்டுவிடலாம்.

எதைப் பார்ப்பது? கல்கி வந்தியத்தேவனை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று யோசியுங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிறான். அவசரமாகப் போக வேண்டியவன், வேடிக்கையில் மயங்கி நிற்கிறான். கடமை ஒரு பக்கம், சுபாவம் இன்னொரு பக்கம்; ஐந்து பாகத்துக்கும் அவன் அப்படித்தான். நல்ல நாவலில் இந்த இழுபறி முதல் காட்சியிலேயே செயலாகத் தெரியும். "அவள் துணிச்சலானவள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டு, அவள் துணிந்து எதுவும் செய்யாமல் மூன்று பக்கம் ஓடினால் அது கெட்ட சகுனம்.

இன்னொரு சோதனை, ஏதாவதொரு உரையாடலில் பெயர்களை விரலால் மறைத்துப் படிப்பது. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் ஆசிரியருக்குக் கை வந்திருக்கிறது.

அட்டையில் டிராகன் இருக்கிறதா என்பது ஒரு தகவலே இல்லை.

சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பாரி ஹியூகார்ட் எழுதிய "பிரிட்ஜ் ஆஃப் பேர்ட்ஸ்", 1984. ஒரு கிராமத்தில் பட்டுப்புழுக்கள் மாண்டுபோகின்றன, குறிப்பிட்ட வயதுக் குழந்தைகள் மட்டும் விழிக்காத தூக்கத்தில் விழுகிறார்கள். பத்தாம் எண் எருது என்று பெயர்கொண்ட பலசாலிப் பையன், மருந்து தேடி ஒரு கிழ அறிஞரை அழைத்து வருகிறான். மாஸ்டர் லி என்ற அந்தக் கிழவருக்கு மூளை கூர்மை, குடிப்பழக்கம் உண்டு, ஒழுக்கம் சற்றுக் குறைவு. இந்த ஜோடி போகும் இடமெல்லாம் மோசடியும் கலாட்டாவும்தான். கடைசி இருபது பக்கத்தில் அதுவரை சிதறிக்கிடந்த நூலெல்லாம் ஒரே நெசவாகச் சேரும். திருபுவனத்துத் தறிக்காரர்கள் கூடக் குறை சொல்ல மாட்டார்கள்.

எழுதியவர் அமெரிக்கர். அவர் காட்டுவது என்றைக்கும் இருந்திராத ஒரு விளையாட்டுச் சீனா. பழைய காலத்துக் கேலி சில இடங்களில் இன்று நெருடும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சீனா, ஜப்பான் எல்லாம் சரி. நம் பக்கத்து மண்வாசனையோடு?

தாஷா சூரியின் "தி ஜாஸ்மின் த்ரோன்", 2021. இந்தியத் தொன்மத்தின் சாயல். பாழடைந்த கோவிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, தன் பழைய வாழ்க்கையை மறைத்து அங்கே வேலைக்காரியாக வரும் பிரியா. மனித உடம்பில் செடிகொடி முளைக்கும் நோய் ஒன்று நாட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. இரு பெண்களும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், ஒருவரையொருவர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். மூன்று பாகங்களும் 2024க்குள் வந்துவிட்டன.

இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் "தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்" 2023இல் வந்து நெபுலா விருது பெற்றது. நாயகன் பிறந்தவுடன் தாய் அவன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுக்கிறாள். மகானாகக் கொண்டாடப்படும் தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். மதமும் அரசும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன ஃபேண்டஸி குறைவு. ஆனால் இது முதல் புத்தகமாக எடுக்கத்தக்கதல்ல. கதை எங்கே போகிறது என்று பாதிவரை பிடிபடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எது? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் "தி பாப்பி வார்" கேட்கிறாள்.

இப்போது வேண்டாம். ஆர்.எஃப். குவாங்கின் அந்த நாவல் (2018) பள்ளிக்கூடக் கதை போலத்தான் தொடங்கும்: ஏழை அநாதைப் பெண் ரின், நுழைவுத் தேர்வு, பெரிய போர்ப்பள்ளி. அதை மட்டும் கேள்விப்பட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். பின்பாதி 1937 நான்ஜிங் படுகொலையை அடியாக வைத்து எழுதியது. சித்திரவதை, பாலியல் வன்முறை எல்லாம் மறைப்பில்லாமல் வரும். கல்லூரி வயதில் படிக்கட்டும், ரின்னை அப்போதும் மறக்க முடியாது.

அதற்குப் பதில் கிரேஸ் லின்னின் "வேர் தி மவுண்டன் மீட்ஸ் தி மூன்", 2009. மறு ஆண்டு, அமெரிக்கச் சிறார் நூல்களுக்கான நியூபெரி விருதின் மதிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. மின்லி என்ற சிறுமியின் பெற்றோர் சேற்றில் இறங்கி நெல் நடுகிறவர்கள். வீட்டில் வறுமை, அம்மாவிடம் பெருமூச்சு, அப்பாவிடம் கதைகள். விதியை மாற்றக் கேட்டு நிலவுத் தாத்தாவைத் தேடிப் புறப்படுகிறாள், வழியில் பறக்கத் தெரியாத டிராகன் துணை சேர்கிறது. எட்டு வயதிலிருந்து கொடுக்கலாம். அத்தியாயங்கள் குட்டி, நடுவே கிளைக்கதைகள். இரவில் ஒன்று வீதம் வாசித்துக் காட்ட வசதி. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகப் படலாம். அவளுக்கு மேலே சொன்ன பேரரசி குறுநாவலைக் கொடுங்கள், நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு.

குரங்கு வரும் அந்தப் பழைய சீனக் கதையை நேராகவே படிக்கலாமா?

தாராளமாக. "மேற்கு நோக்கிய பயணம்" பதினாறாம் நூற்றாண்டு நாவல், 100 அத்தியாயம். பள்ளிப் பாடத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்தவர் என்று படித்தோமே, அந்த யுவான் சுவாங்கின் பயணம்தான் கதையின் மூலவிதை. நாவலில் அவர் அழுமூஞ்சித் துறவி, உண்மையான நாயகன் குரங்கரசன் சுன் வுகோங். முழு மொழிபெயர்ப்பில் ஒரே மாதிரிப் பூதச் சண்டைகள் திரும்பத் திரும்ப வரும், அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆர்தர் வேலி 1942இல் வெளியிட்ட சுருக்கம் 30 அத்தியாயம். அதில் தொடங்குங்கள்.

எங்கே வாங்குவது? எதைக் கவனிப்பது?

டெல்டா ஊர்க் கடைகளில் இவை அடுக்கில் இருப்பது அரிது. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், இல்லாவிட்டால் இணையம். நூலகத்தில் கேட்கும்போது தலைப்பு, ஆசிரியர் பெயர் இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, தொடரின் இரண்டாம் பாகத்தை முதலில் வாங்குவது. "ஜேட் சிட்டி", "ஜேட் வார்", "ஜேட் லெகசி" என்பதுதான் வரிசை. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நகலச்சாக இருக்கலாம். எழுத்து மங்கல், தாள் மறுபக்கம் தெரியும் அளவு மெல்லியது, முன்பக்க வரைபடம் கறுப்புத் திட்டாக இருக்கும். நகலச்சில் நடுவே 16 அல்லது 32 பக்கம் காணாமல்போவதும் உண்டு. கைக்கு வந்தவுடன் பக்க எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள்.

ஐப்பசி மழையில் புத்தகம் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், முதுகுப் பசை வெடித்துவிடும். இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி மின்விசிறிக்கு எதிரே நிறுத்தி, தாள் ஈரமாக ஈரமாக மாற்றுங்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து படிக்கப் போகிறோம். எப்படிப் பிரிப்பது?

"ஜேட் சிட்டி" என்றால் வாரம் 100 பக்கம், ஐந்து வாரம். முதல் சந்திப்பிலேயே ஆளுக்கொரு பாத்திரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பாத்திரம் இரண்டு பேருக்குப் போனாலும் பரவாயில்லை. கடைசிவரை அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்க வேண்டும். அவர் செய்தது தப்பென்று தெரிந்தாலும். அய்ட் மாடாவை எடுத்தவருக்குத்தான் வேலை அதிகம், பேச்சும் அவரிடமிருந்துதான் சூடுபிடிக்கும். மூன்றாவது வாரம் முடியும்வரை யாரும் இணையத்தில் பாத்திரப் பெயரைத் தேடக்கூடாது. தேடினால் யார் சாகிறார்கள் என்பதுதான் முதல் வரியில் வரும்.

முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

"ஜேட் சிட்டி" முடியும்போது குடும்பத்தின் கணக்கு ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கும், சண்டையின் கணக்கு நிற்காது. எனவே நிறுத்தலாம், ஆனால் நிறுத்துபவர்கள் குறைவு. மூன்றாம் பாகம் பல ஆண்டுகளைத் தாண்டி ஓடும் தடித்த புத்தகம், சுமார் 700 பக்கம். நடவு, அறுவடை, பரீட்சை எதுவும் குறுக்கே வராத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தொடரே வேண்டாம் என்பவர்களுக்கு "அண்டர் ஹெவன்" அல்லது "பிரிட்ஜ் ஆஃப் பேர்ட்ஸ்". இரண்டாவதற்குத் தொடர்ச்சி நாவல்கள் உண்டு, ஆனாலும் அதன் கதை அதிலேயே முடிந்துவிடும்.